அழிக்கப்பட்ட கையெழுத்தும் விலைபோகும் கையொப்பமும்

ஒரு காமிக்ஸ் இதழின் மதிப்பை எது தீர்மானிக்கிறது? கதையா, சித்திரமா, அல்லது முதற்பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதித்தந்த பெயரா? இந்தக் கேள்விக்கு நம் சேகரிப்பாள நண்பர்கள் அண்மைக்காலமாக அளித்துவரும் விடை எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த விடைக்குப் பின்னாலிருக்கும் மனோபாவம் தமிழ் காமிக்ஸ் மரபுக்கே கேடு செய்வது என்று கருதுவதால் இதை எழுதுகிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பற்றி வெளியூர் இலக்கிய நண்பர்கள் மனதிலுள்ள சித்திரம் எளிமையானது: ஆலைகள், லாரிகள், ரோஜாத் தோட்டங்கள், பெங்களூருக்குப் போகும் பேருந்துகள். ஆனால் இது வாசகர்களின் ஊரும்கூட. ஆதவன் தீட்சண்யாவை ஆசிரியராகக் கொண்ட ‘புதுவிசை’ இங்கிருந்துதான் வெளிவந்தது. சிப்காட் உருவானபின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகளுக்கு வேலை தேடி வந்த தலைமுறை, தன் துணிமணிகளோடு பால்யத்தின் முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் கொண்டுவந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து டெக்ஸ் வில்லரைப் புரட்டிவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் எங்களிலேயே சிலர் உண்டு. வார விடுமுறையில் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் அவென்யூ ரோட்டிலும் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் பழைய புத்தகங்களைக் கிளறுவது இங்குள்ள காமிக்ஸ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

புதிதாக வந்திருப்பது வேறு. ‘படித்துவிட்டாயா?’ என்ற கேள்வி போய், ‘என்ன நிலையில் இருக்கிறது?’ என்ற கேள்வி வந்தது. இப்போது அதுவும் போய், ‘கையொப்பம் உண்டா?’ என்கிறார்கள். பெங்களூரில் 2012இல் காமிக் கான் தொடங்கிய பிறகு, வெளிநாட்டு ஓவியர்முன் வரிசையில் நின்று கையொப்பம் பெறுவது எல்லைக்கு இந்தப்புறமும் ஒரு சடங்காகிவிட்டது. பெற்றுவந்த பிரதியை அன்றைக்கே பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஒட்டி, பீரோவில் பூட்டுகிறார்கள். அதன்பின் அந்த இதழை உரியவரே பிரிப்பதில்லை. வாசிக்கப்படக்கூடாத புத்தகம் என்ற ஒன்றை நம் காலம் கண்டுபிடித்திருக்கிறது!

*

சேகரிப்பாள நண்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் உயிரினும் மேலாகக் கருதும் ‘இரும்புக்கை மாயாவி’யின் அட்டையில் யார் கையொப்பமிட முடியும்?

1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. ஆசிரியர் முல்லை தங்கராசன். அந்தக் கதை 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. அதை எழுதியவர்கள் கென்னத் பல்மரும் டாம் டல்லியும். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பெயர்கள் எத்தனை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும்? தெரியாதது வாசகர் குற்றமுமல்ல. எழுதியவர், வரைந்தவர் பெயர்களை வெளியிடாமலிருப்பது அந்நாளைய பிரிட்டிஷ் பதிப்பகங்களின் வழக்கம். ஓவியர் சித்திரத்தின் ஓரத்தில் சிறிதாகத் தன் பெயரை எழுதிவைத்தால், அச்சுக்குப் போகுமுன் வெள்ளை மை பூசி அழித்தார்கள். 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ இதழ்தான் இந்த வழக்கத்தை உடைத்துப் படைப்பாளிகளின் பெயர்களை அச்சிட்டது. ஆக, மாயாவி தமிழுக்கு வரும்போதே கையெழுத்து அழிக்கப்பட்ட நிலையில்தான் வந்தான்.

தமிழில் அந்த அழிப்பு இன்னொரு சுற்று நடந்தது. ஆங்கில வாக்கியத்தை, பலூனுக்குள் அடங்குமளவு சுருக்கி, சிவகாசிச் சிறுவனும் ஓசூர்ச் சிறுவனும் ஒரே மூச்சில் வாசிக்கும் தமிழாக்கியவர்கள் யார்? படங்களுக்குள் எழுத்துகளைப் பொருத்தியவர்கள் யார்? கடையில் தொங்கியபோது நம்மை இழுத்த அட்டைகளை வரைந்தவர்கள் யார்? எல்லாப் பெயர்களும் தொலையவில்லை, பதிப்பாசிரியர் எஸ். விஜயன் லயன் இதழ்களில் எழுதிய ‘சிங்கத்தின் சிறுவயதில்’ தொடர் அந்நாட்களின் உழைப்பைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஆனால் இதழுக்கு இதழ் யார் என்ன செய்தார் என்ற பதிவு நம்மிடம் இல்லை.

மாயாவியின் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் முழுதும் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் தெரியும். தமிழ் காமிக்ஸை உருவாக்கியவர்களின் நிலையும் அதுதான். கையின் வேலை தெரிகிறது. ஆள் தெரிவதில்லை.

பிளாஸ்கோ 1995இல் மறைந்தார். ‘மின்னும் மரணம்’ வழியாக நாம் அறிந்த ழான் ஜிரோ 2012இல் மறைந்தார். ‘இரத்தப் படல’த்தின் ஓவியர் வில்லியம் வான்ஸ் 2018இல் மறைந்தார். இனி அந்தப் பக்கங்களில் கையொப்பமிட யாருமில்லை. அதனால் என்ன நடக்கிறது? கைக்கெட்டுகிறவரிடம், அவர் அந்த இதழோடு தொடர்புடையவரோ இல்லையோ, பேனாவை நீட்டுகிறார்கள். புத்தகத் திருவிழாவில் தற்செயலாக அகப்பட்ட ஒரு பிரபலத்திடம் அவர் படித்தேயிராத இதழில் கையொப்பம் வாங்கியதைப் பெருமையாகக் காட்டிய நண்பரை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்தக் கையொப்பம் எதற்குச் சாட்சி? சேகரிப்பாளர் அன்றைக்கு அங்கே போயிருந்தார் என்பதற்கு மட்டும்.

*

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கச் சந்தையைப் பார்த்தால் போதும்.

1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். அந்தத் தொகையும் வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்ந்து 412 டாலருக்கு ஒரு காசோலையாக வந்தது. இருவரும் அதன் பின்புறம் கையெழுத்திட்டுப் பணமாக்கிக்கொண்டார்கள். பின்னாளில் இருவரும் வறுமையில் வாடினார்கள். 1975இல் பத்திரிகைகளும் சக ஓவியர்களும் குரல்கொடுத்த பிறகே அவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், தம் பெயர்கள் அச்சிடப்படும் உரிமையும் கிடைத்தன. அந்தக் காசோலை 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு விற்றது. எதை எழுதிக்கொடுத்து இருவரும் தம் படைப்பை இழந்தார்களோ, அந்தக் கையெழுத்தே சேகரிப்புப் பொருளாகிவிட்டது. கையொப்ப மோகத்தின் முழுச் சரித்திரமும் இந்த ஒரு தாளுக்குள் அடங்கிவிடுகிறது என்போம்.

இன்னும் அபத்தமானது ஒன்றுண்டு. 2000இல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனம் காமிக்ஸ் இதழ்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தருகிறது. பெட்டியைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது. கையொப்பமிட்ட பிரதிகளுக்கு மஞ்சள் வில்லை. ஆனால் கையொப்பமிடும்போது அந்நிறுவனம் அங்கீகரித்த சாட்சி அருகில் இருந்திருக்க வேண்டும். ஓவியர் உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் குழந்தையின் பெயரெழுதி, அன்போடு கையொப்பமிட்டிருந்தாலும் அந்த மஞ்சள் வில்லை கிடைக்காது. சாட்சியில்லாத மை நெடுங்காலம் அவர்கள் கணக்கில் அட்டையில் விழுந்த கறை மாதிரிதான் இருந்தது. சந்தை கேட்பது அன்பின் தடயத்தையல்ல, அத்தாட்சிப் பத்திரத்தை. நம் நண்பர்கள் நகலெடுக்க விரும்புவது இந்தச் சந்தையைத்தான்.

இலக்கிய வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ‘காமிக்ஸ்காரர்களின் கிறுக்கு’ என்று சிரித்துவிட்டுப் போகவேண்டாம். முதற்பதிப்பு மோகமும் ஆசிரியர் கையொப்ப மோகமும் நம்மிடமும் இருக்கின்றன. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ப் பிரசுரங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனது வாசிப்பவன் கையில் புத்தகத்தைச் சேர்க்க. அந்தப் புத்தகம் இன்று கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு இருந்தால், அவர் சுமந்ததற்கு என்ன அர்த்தம்?

*

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியும். அவற்றில் நியாயமானவற்றை ஒப்புக்கொண்டே பதில் சொல்கிறோம்.

முதலாவது: ‘சேகரிப்பாளன் இல்லையென்றால் இவை எடைக்குப் போயிருக்கும்.’ உண்மை. 1984 முதல் 2005 வரை 500 இதழ்கள் வந்த ராணி காமிக்ஸை எந்த ஊர்ப்புற நூலகமும் அடுக்கில் வைத்துப் பேணியதை நாங்கள் கண்டதில்லை. பெற்றோர்கள் கிழித்தார்கள், ஆசிரியர்கள் பறிமுதல் செய்தார்கள், பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டு வாங்கிக்கொண்டார். இத்தனைக்கும் தப்பியது சேகரிப்பாளர்களின் பிடிவாதத்தால்தான். அவர்களை வணங்குகிறோம். ஆனால் அழிவிலிருந்து மீட்டதை யாருக்கும் கிடைக்காமல் செய்வது எந்த வகையில் மீட்பு? தீயிலிருந்து எடுத்த சுவடியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போடுவது போலத்தான் இது. தவிர, மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சிட்ட இதழ் உறைக்குள்ளிருந்தாலும் பழுக்கும். காகிதத்திலுள்ள அமிலம் உறைக்கு உள்ளேதான் இருக்கிறது. கம்பித் தையல் துருப்பிடிக்கும். பூட்டிவைப்பதால் காலம் நிற்காது. ஒருவரும் படிக்காமலே அந்த இதழ் பொடியாகும்.

இரண்டாவது: ‘கையொப்பம் என்பது ஒரு சந்திப்பின் நினைவு.’ இதையும் ஏற்கிறோம். அன்புக்குரிய எழுத்தாளரிடம் புத்தகத்தை நீட்டும் வாசகனின் கூச்சம் எங்களுக்கும் தெரிந்ததே. அப்படியென்றால் அது உங்களுக்கு மட்டுமே மதிப்புள்ளது. நினைவுக்கு மறுவிற்பனை விலை கிடையாது. விலை பேசத் தொடங்கும்போதே நினைவு என்ற வாதம் உதிர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லக்கூடாது.

மூன்றாவது: ‘விலை உயர்ந்தால் காமிக்ஸுக்கு மதிப்பு உயரும்.’ யாருக்கு? ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் அட்டைவிலை போட்ட இதழுக்கு ஆயிரக்கணக்கில் விலை கேட்கப்படும்போது அதில் ஒரு பைசாகூட மொழிபெயர்த்தவருக்கோ வரைந்தவருக்கோ பதிப்பித்தவருக்கோ போவதில்லை. ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் இளம் வாசகனால் அந்த இதழைத் தொடக்கூட முடிவதில்லை. மறுபதிப்பு வரப்போகிறது என்ற செய்தி கேட்டு மகிழாமல், தன் பிரதியின் விலை விழுந்துவிடுமே என்று கவலைப்பட்ட சேகரிப்பாளரை எங்களுக்குத் தெரியும். தான் நேசிக்கும் கதை இன்னும் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்வதை நஷ்டமாகக் கணக்கிடுகிறவரை வாசகர் என்று எப்படி அழைப்பது?

*

கையொப்பத்துக்கே நாங்கள் எதிரிகளல்ல. கையொப்பத்தில் இருவகை உண்டு என்பதே எங்கள் வாதம். ஒன்று ஒரே பிரதியில் மையால் இடப்படுவது. மற்றது சித்திரத்தோடு சேர்ந்து அச்சேறி, எல்லாப் பிரதிகளிலும் இருப்பது.

‘அம்புலிமாமா’வை நினைத்துப்பாருங்கள். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்துவரும் சித்திரத்தை நமக்குத் தந்த சங்கர், தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர், 2020இல் தம் தொண்ணூறுகளில் மறைந்தார். அவருடைய பெயர் சித்திரத்தின் மூலையிலேயே இருக்கும். கோபுலு, சில்பி, மணியம் எல்லோரும் அப்படித்தான். அந்தக் கையெழுத்துக்கு வரிசையில் நிற்கவேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கும் இரவல் வாங்கியவனுக்கும் அது ஒன்றுதான். நாங்கள் கேட்பது இந்தக் கையொப்பத்தை. அது இல்லாத இடங்களில் அதை மீட்டெடுப்பதே சேகரிப்பாளரின் உண்மையான வேலை.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. டொனால்ட் டக் கதைகளை வரைந்தவர் பெயர் பல்லாண்டுகள் அச்சிடப்படவேயில்லை. எல்லாவற்றின்மேலும் டிஸ்னியின் பெயரே இருந்தது. ஆனால் வாசகர்கள் கோடுகளின் வித்தியாசத்தைக் கண்டுகொண்டு, ஒருவரை மட்டும் ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று தங்களுக்குள் அழைத்தார்கள். 1960இல் ஒரு வாசகர் விடாமல் துருவி அவர் பெயர் கார்ல் பார்க்ஸ் என்று கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். அந்த வாசகர் உலகத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்தார். நம் நண்பர்கள் தேடுவது தங்கள் பீரோவுக்கு ஒரு பெயரை.

எங்கள் எல்லைக்கு அந்தப்பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. அமர் சித்திரக் கதை என்றதும் அனந்த் பை பெயரைச் சொல்கிறோம். ஆனால் 1965இல் அந்தப் பெயரில் முதல் இதழ்கள் பெங்களூரில், கன்னடத்தில் வந்தன. அதற்கு முனைந்தவர் புத்தக விற்பனைத் துறையிலிருந்த ஜி.கே. அனந்தராம். மேலைநாட்டுத் தேவதைக் கதைகளின் கன்னட வடிவங்கள் அவை. அந்த வெற்றிக்குப் பிறகே பம்பாயில் அனந்த் பையின் ‘கிருஷ்ணா’ வந்தது. அதற்குப் பதினோராம் எண் கொடுக்கப்பட்டதற்குக் காரணம் அதுவே. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் நடந்த இந்த வரலாறு, அங்கே வாராவாரம் பழைய இதழ் தேடிப் போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனந்த் பை கையொப்பமிட்ட பிரதிக்கு என்ன விலை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

சேகரிப்பு என்றால் என்னவென்று தமிழில் காட்டிய முன்னோடிகள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள், நோட்டீசுகள் என்று மற்றவர்கள் குப்பையென்று எறிந்தவற்றைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அது ஆய்வு நூலகமானது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சொந்தச் சம்பாத்தியத்தில் உருவாக்கிய ‘ஞானாலயா’வில் முதற்பதிப்புகள் குவிந்துகிடக்கின்றன. அந்தக் கதவு ஆய்வாளர்களுக்குத் திறந்திருந்தது. அவர்கள் சேகரித்தது பிறர் வந்து படிப்பதற்காக.

*

இந்த மண்ணுக்குப் படமும் எழுத்தும் ஒன்றாக அமைந்த கதை புதிதல்ல. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும், சுற்றுப்புறக் கொல்லைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. சில கற்களில் மூன்று அடுக்கு: கீழே சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் அழைத்துப்போவது, மேலே அவன் சேர்ந்த உலகம். கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டிய சித்திரக்கதை. இன்ன ஊரில் ஆநிரை மீட்டுப் பட்டான் இன்னான் என்று பக்கத்தில் பெயரைப் பொறித்தார்கள். வழிப்போக்கன் படிக்கட்டும் என்பதற்காக வெட்டவெளியில் நட்டார்கள். எழுத்து மறந்துபோன பிறகும் மக்கள் அதற்கு வேடியப்பன் என்று பெயரிட்டு மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். பெயர் பொறிப்பது என்றால் இதுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. சேகரிப்பாளர்கள் தங்களிடமுள்ள இதழ்களின் பட்டியலை வெளியிட வேண்டும்: எண், மாதம், பக்கம், அட்டை ஓவியரின் பெயர் தெரிந்தால் அது, மூலக்கதையின் பெயர், மூல ஓவியர். விலை வேண்டாம். பதிப்பகங்கள் இனி வரும் ஒவ்வோர் இதழிலும் மறுபதிப்பிலும் மொழிபெயர்ப்பாளர், எழுத்தமைப்பாளர், அட்டை ஓவியர் பெயர்களை அச்சிட வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாராவுக்குப் புத்தகப் பிரதிகளை அனுப்பும்போது காமிக்ஸும் புத்தகம்தான் என்பதை மறக்கக்கூடாது. பழைய இதழ்களில் வேலைசெய்த முதியவர்கள் சிவகாசியிலும் சென்னையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேனாவை நீட்டுமுன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இதழில் யார் என்ன செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பம் அதன்பிறகு.

எங்கள் தரப்பில் வேலையைத் தொடங்கிவிட்டோம். அடுத்த ஓசூர் புத்தகத் திருவிழாவின்போது எங்களிடமுள்ள முத்து, லயன், ராணி இதழ்களை உறை பிரித்து ஒரு மேசையில் பரப்பி வைக்கப்போகிறோம். யாரும் உட்கார்ந்து படிக்கலாம், குழந்தைகள் உட்பட. ஒன்றிரண்டு கிழியும். கிழியட்டும், ஒட்டிக்கொள்வோம். கையொப்பமிட்ட பிரதியைப் பூட்டிவைத்திருக்கும் நண்பர்கள் அதையும் எடுத்துக்கொண்டு வரவேண்டும். வந்தால் உறையைப் பிரிக்கச் சொல்லி நிச்சயம் சண்டைபோடுவோம்.